வாங்காத கீரை

தமிழ்ப்ரியாவின் இரத்தத்தில் கீரை இருக்கிறது என்ற செய்தி ஒரு வியாழக்கிழமை காலை எஸ்டேட் தொழிலாளர் லயத்துக்கு வந்து சேர்ந்தது. அவளுக்கு ஆறு வயது. ஆறு வருடமாக அவள் அம்மா பூமாரிக்குத் தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் திட்டத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும் அது நோயாகிவிட்டது.

குமுளிக்கு மேலே, பனி ஏறி இறங்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனுக்குக் கண்ணொளித் திட்டம் வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பூட்டிக் கிடந்த பழைய குழந்தைக் காப்பகத்துக்கு வெள்ளையடித்தார்கள். இரத்தம் அளக்கும் இயந்திரத்தை மேசைமேல் ஏற்றி, அதற்குக் குளிரக் கூடாதென்று ஒரு ஹீட்டரும் வைத்தார்கள். ஊழியர்கள் நடுங்கினார்கள். இயந்திரம் சுகமாக இருந்தது. திட்ட இயக்குநர் டாக்டர் மோகனசுந்தரம் எஸ்டேட் பங்களாவில் தங்கினார். அவர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். தொடக்க விழாவில் அவர் பேசியதை லயத்து ஜனங்கள் கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டபடியே நின்று கேட்டார்கள்.

"ஏனுங்க, கீரெ, கேரட்டு, பப்பாளி இதுலயெல்லாம் ஒரு சாயம் இருக்குதுங்க. கரோட்டினாய்டுன்னு பேரு. கொழந்தெ கண்ணுக்கு அதானுங்க வெளிச்சம். அந்தச் சாயத்தெ நேரா அளக்கறது பெரும்பாடு. அதனால நாங்க அதெ அளக்கறதில்லீங்க. ரத்தத்துல சில புரதம் இருக்குது. சாயம் கூடுனா அதும் கூடும், கொறஞ்சா அதும் கொறையும். அதெ அளந்தாப் போதுமுங்க. கொழந்தெ என்ன தின்னுச்சுன்னு ரத்தமே சொல்லிப்போடும். கொழந்தெயெக் கேக்க வேண்டியதில்லெ, தாயெயும் கேக்க வேண்டியதில்லெ."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிந்ததும் தாய்மார்களை வரிசையில் நிறுத்தி அறுபத்து நான்கு கேள்விகள் கேட்டார்கள்.

கேட்டது சித்ரா. குமுளிப் பெண், படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை. கையில் ஒரு டேப்லெட். பதினேழாவது கேள்வி: கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் கீரை வாங்கினீர்கள்?

மற்ற தாய்மார்கள் விவரமானவர்கள். கேட்கிறவர் சந்தோஷப்படும் பதில் எது என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு, ஏழு நாளும் வாங்குகிறோம் என்றார்கள். கீழே சந்தை கூடுவதே வாரத்தில் ஒருநாள்தான் என்பது டேப்லெட்டுக்குத் தெரியாது. பூமாரி மட்டும் யோசித்தாள். பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்தாள்.

"கீரை வாங்குறதில்ல தாயி."

"ஒருநாள் கூடவா?"

"கீரையப் போயி யாராச்சும் வாங்குவாவளா?"

சித்ரா சுழியம் போட்டாள்.

பூமாரி சொன்னது சத்தியம். பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்தெடுத்துவிட்டு இறங்கும்போது, பாறை ஓரத்திலும் ஓடைக் கரையிலும் தானாக முளைத்துக் கிடக்கும் மணத்தக்காளியையும் பொன்னாங்கண்ணியையும் குப்பைக்கீரையையும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டுதான் அந்த டிவிஷன் பெண்கள் அத்தனை பேரும் வீடு திரும்புவார்கள். வழக்கமாகிப்போனது. நடக்கிறோம் என்று யாரும் தனியாகச் சொல்லிக்கொள்வதில்லையே, அதைப் போல.

ஆகவே நாற்பது குழந்தைகளில் முப்பத்தொன்பது பேருக்குப் படிவமும் இரத்தமும் பொருந்தின. தமிழ்ப்ரியாவுக்குப் படிவம் சுழியம், இரத்தம் நிறைவு.

*

வியாழக்கிழமை காப்பகக் கட்டடத்துக்குப் பூமாரியை வரச்சொன்னார்கள். டாக்டர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவர் மரியாதைக்காரர். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முதலில் பயம் வந்தது.

"உக்காருங்க அம்மணி. பயப்பட வேண்டாமுங்க. பாப்பா கீரெ திங்கறதில்லெ. ஆனா, திங்கற கொழந்தெக்கு இருக்கற புரதம் இருக்குது. இந்தப் புரதத்தெல்லாம் கல்லீரல்தானுங்க உண்டாக்குது. அப்ப வெளிய இருந்து ஒண்ணும் வராமயே கல்லீரல் தானா உண்டாக்குதுன்னு ஆகுது. அது நல்லதில்லீங்க."

"அவ கீரை திங்காய்யா. தெனமும் திங்கா."

"நீங்க வாங்கறதில்லைன்னு சொல்லியிருக்கீங்களே?"

"வாங்குறதில்லன்னா திங்கிறதில்லன்னு ஆயிருமாய்யா?"

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. பாடம் நடத்துகிறவருக்கு வரும் சிரிப்பு.

"அம்மணி, படிவம் பூட்டியாச்சுங்க. பூட்டுன பொறகு சொல்றதெல்லாம் தகவல் இல்லீங்க, அபிப்பிராயம்."

பூமாரி சித்ராவைப் பார்த்தாள். சித்ரா டேப்லெட்டைப் பார்த்தாள்.

"மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி வயித்துல இப்படி ஊசி எறக்கி," டாக்டர் தன் வலது விலாவுக்குக் கீழே விரலால் குத்திக் காட்டினார், "கல்லீரல்ல ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துக்கலாமுங்க. சின்னத் துணுக்குத்தான். சம்மதபத்ரத்துல ஏற்கெனவே ஒப்பு போட்டிருக்கீங்க."

போட்டிருந்தாள். மலையாளத்தில் நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் அவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தமிழில் பூமாரி என்று எழுதியிருந்தாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சித்ரா சொன்னபோது சந்தோஷப்பட்டதும் நினைவிருந்தது.

"பிள்ள நல்லாத்தான்யா இருக்கா. ஓடுதா, ஆடுதா."

"அதானுங்க கவலையா இருக்குது. அறிகுறியே இல்லெ."

மழை தகரக்கூரையில் விழ ஆரம்பித்தது. கடைசியில் டாக்டர், கீரைக்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் கொண்டுவரலாம், திட்டம் யாருக்கும் கதவை அடைப்பதில்லை என்றார். கடை ரசீது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அந்தக் காட்டில் கீரை முளைக்கிறது என்று எஸ்டேட் எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை வண்டி வரும். அதற்குள்.

*

சூப்பர்வைசர் ராக்கப்பன் எடை போடும் கொட்டகையில் இருந்தார். பூமாரி சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பதினாலாம் நம்பருல களையே இல்லம்மா."

"என்னய்யா சொல்லுதீய? நேத்துக்கூட நீங்க நிக்கையிலதான பறிச்சேன்!"

"நான் எதையும் பாக்கல. இந்தா பாரு." ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். மூன்று வருடமாக, மாதம் தவறாமல், பதினாலாம் நம்பர் காட்டில் மருந்தடித்துக் களை அடியோடு ஒழிக்கப்பட்டது என்று அவர் கையெழுத்தில் இருந்தது. மருந்தடிக்கும் பம்பு கெட்டுப்போய் மூன்று வருடமாகிறது என்பது டிவிஷனில் எல்லோருக்கும் தெரியும். பம்பு அதே கொட்டகையின் மூலையில், கோழி அடைகாக்கும் கூடையாக இருந்தது.

"களை இருக்குன்னு எழுதிக் கொடுத்தா நான் பொய்யன். அங்கன நீ கீரை பறிச்சேன்னு எழுதுனா, கம்பெனிக் காட்டுல கைவச்ச திருட்டு. ஒனக்கு வேலை போகும். எனக்கும் போகும். ரெண்டு பேரும் பேசாம இருந்துட்டா யாருக்கும் நட்டமில்ல."

"எம் பிள்ள வயித்துல ஊசி எறக்குவாவளாம்."

ராக்கப்பன் நோட்டை மூடி வைத்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் இரண்டு பெண்கள்.

"வேணும்னா ஒண்ணு செய்யிறேன்," என்றார். "திங்கக்கிழம ஒனக்கு லீவு போட்டுக்குடுக்கேன்."

அன்று சாயங்காலம் பூமாரி ரசீதுக்காகவாவது ஒரு கட்டுக் கீரை வாங்கிவிடுவதென்று முடிவு செய்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழ்க்கடைக்குப் போய்க் கீரை கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்த ஊரில் யார் வாங்குவார்கள் என்று அவர் கீரை விற்பதே இல்லை.

*

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வலது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்றிருந்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கினாள்.

"கூசுதும்மா," என்று நெளிந்தாள் தமிழ்ப்ரியா. "எம்மா, ஊசி பெரிசா இருக்குமா? நம்ம கோணி ஊசி மாதிரியா?"

"யாரு சொன்னா?"

"பள்ளிக்கூடத்துல சொன்னாவ. என் ஈரல அறுத்து அவிய மிசினுக்குப் போடுவாவளாம்."

கணவன் பாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். போனில் சொன்னால், படித்தவர்கள் சொல்வதைக் கேள் என்பான். அதனால் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாளிடம் சொன்னாள். அவள் பங்களாவில் சமையல் வேலை பார்க்கிறவள். தினமும் காலையில் பங்களாவுக்குப் போகும் வழியில் பூமாரி வீட்டு வாசலில் நின்று, முந்தின நாள் பறித்ததில் பாதியை முந்தானையில் வாங்கிக்கொண்டு போவாள்.

"ஏளா, இதுக்கா கண்ணக் கசக்குத? அந்த டாக்டரு தினமும் என்னத்தத் திங்காருன்னு நெனச்ச? ஒன் மடிக்கீரையத்தான். 'எங்க ஊருல மணத்தக்காளியெ சுக்குட்டிக் கீரெம்பமுங்க'ன்னு சொல்லிச் சொல்லி மூணு கரண்டி வாங்குதாரு. மனுசனுக்குக் கறிகூட வேண்டாங்கு."

"அவருகிட்ட நீயாச்சும் சொல்லேன் மதினி, இது எங்க மொளைக்குன்னு."

செபமாலையம்மாள் தலையாட்டி மறுத்தாள். பங்களாச் செலவுக் கணக்கில் அவள் கீரையைச் சந்தையில் வாங்கியதாக எழுதுவதில்லைதான். ஆனால் கம்பெனிக் காட்டுக் கீரையைக் கம்பெனி பங்களாவிலேயே சமைத்தேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பெண்களும் கீரையை ஆய்ந்துகொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

*

மறுநாள் திட்டம் தன் நியாயத்தைக் காட்டியது. ஊசி இறக்குவதற்கு முன் மறுசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. தமிழ்ப்ரியாவோடு வேறு எட்டுக் குழந்தைகளின் இரத்தமும், ஒப்பீட்டுக்காக ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் இரத்தமும் எடுக்க வேண்டும். குழாய்களில் பெயர் இருக்காது, நாற்பத்தொன்று முதல் ஐம்பது வரை எண்கள் மட்டும். எந்த எண் யாருடையது என்று எழுதிய தாளை ஓர் உறையில் போட்டுச் சித்ரா அரக்கு வைத்தாள்.

ஆரோக்கியமான பெரியவராக டாக்டரே சட்டைக் கையை மடித்தார். தமிழ்ப்ரியா அலறிக்கொண்டிருந்தாள். "பாரு கண்ணு, மாமன் அழுகறனா?" என்றார். அவர் அழவில்லை. அவரும் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

"பதினேழாவது, சார். ஏழு நாளில எத்தனை நாள் கீரை வாங்கினீங்க?"

"நானா? கடைப் பக்கமே போறதில்லெ. சுழியம் போடு சித்ரா. கேரட்டு, பப்பாளி, எல்லாத்துக்குமே சுழியம். நமக்கு உண்மெதான் முக்கியம்."

சித்ராவின் விரல் ஒரு நொடி திரைக்கு மேலே நின்றது. பிறகு சுழியத்தைத் தொட்டது. டேப்லெட் பூட்டிக்கொண்டது.

*

திங்கட்கிழமை மத்தியானம் ஜீப் வந்து நின்றது. டிரைவர் மிக்கேல் இருபது வருடமாகத் திட்டங்களுக்கு வண்டி ஓட்டுகிறவர். மலேரியா, யானைக்கால், அயோடின் உப்பு எல்லாவற்றுக்கும் ஓட்டியிருக்கிறார். ஜில்லாவிலிருந்து இரண்டு உத்யோகஸ்தர்கள் வந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பூமாரி மாற்றுத்துணி வைத்த பையோடும் பிள்ளையோடும் வாசலில் நின்றாள். தமிழ்ப்ரியா அம்மாவின் சேலையைக் கையில் சுற்றிக்கொண்டு, விடாமல் பிடித்திருந்தாள்.

டாக்டர் முடிவைப் படித்தார்.

"எட்டு எண் பொருந்துதுங்க. ரெண்டு எண் பொருந்தலெ. நாப்பத்தி நாலு, நாப்பத்தி ஒம்பது. ரெண்டுக்கும் படிவம் சுழியம், ரத்தம் நெறவு. இதுல நாப்பத்தி நாலாவது மோசமுன்னா, நாப்பத்தி ஒம்பது படுமோசமுங்க. இந்த ஒரு எண்ணுல மட்டும் புரதம் நெறவு மட்டத்தெயே தாண்டி நிக்குது." அவர் குரல் உயர்ந்தது. உத்யோகஸ்தர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "நாங்க வராமெ இருந்திருந்தா இந்த உசுரெ யாருங்க கண்டுபுடிச்சிருப்பா? பாக்க நல்லாத்தான் இருக்கும். சிரிக்கும், நடமாடும், மூணு வேளெ திங்கும். உள்ளுக்குள்ள கல்லீரல் தறிகெட்டு ஓடிட்டு இருக்கும். தாய் அழுவா, சொந்தக்காரங்க தடுப்பாங்க. நாம எரக்கப்படக் கூடாதுங்க. எரக்கப்பட்டா விஞ்ஞானம் நின்னுபோகும். ரெண்டு எண்ணெயும் இப்பவே, ஒரே வண்டியில அனுப்பறேன்."

வண்டிக்கான ட்ரிப் ஷீட்டில் 44, 49 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி மிக்கேலிடம் கொடுத்தார். பிறகுதான் உறையைப் பிரிக்கச் சொன்னார்.

சித்ரா அரக்கை உடைத்தாள். தாளைப் பார்த்தாள்.

"நாப்பத்தி நாலு தமிழ்ப்ரியா, சார்."

"செரி. நாப்பத்தி ஒம்பது? அந்தப் பெத்தவங்களெக் கூப்புடு."

"நீங்க, சார்."

ஓர் உத்யோகஸ்தர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"நானா? நான் கீரெ தின்னுட்டுத்தானே இருக்கறேன். தெனமும் திங்கறேன். பங்களாவுல கேளு."

"வாங்கினது சுழியம்னு சொன்னீங்க, சார்."

"வாங்கறதில்லைன்னா திங்கறதில்லைன்னு ஆயிருமா?"

கேட்டு முடித்த பிறகே அந்தக் கேள்வியை ஏற்கெனவே எங்கோ கேட்டது போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாசல் பக்கம் திரும்பினார். பூமாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிவம் பூட்டியாச்சு சார்," என்றாள் சித்ரா. அவள் குரலில் கேலி இல்லை. கற்றுக்கொடுத்ததைச் சொன்னாள். "பூட்டின பிறகு சொல்றது தகவல் இல்ல. அபிப்பிராயம்."

மிக்கேல் ஹாரன் அடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், ரெண்டு பேருக்கு ஷீட்டு. ஏறுங்க. கீழ எறங்கும்போ பனி மூடிரும்."

"மிக்கேலு, நான் வரலெ. பாப்பாவெ மட்டும் கூட்டிட்டுப் போ."

"ஷீட்டுல ரெண்டு எண் இருக்கே சார். உங்க ஒப்பும் இருக்கு. ஒண்ண விட்டுட்டுப் போனா வழியில எறக்கிவிட்டேன்னு என் தலைல வரும்."

டாக்டர் உத்யோகஸ்தர்களைப் பார்த்தார். அவர்கள் விஞ்ஞானம் நின்றுபோகக் கூடாதே என்ற கவலையோடு அவரைப் பார்த்தார்கள். அவருடைய கை, தன்னையறியாமல், வலது விலாவுக்குக் கீழே போய் நின்றது. பிறகு சட்டென்று மேசை இழுப்பறையைத் திறந்து தன் சம்மதபத்ரத்தை எடுத்தார். மூன்றாம் பக்கத்தைப் புரட்டி, மலையாளத்தில் பொடி எழுத்தில் இருந்ததைத் தமிழில் சத்தமாகப் படித்தார்.

"ஒம்பதாவது பிரிவு. பங்கெடுக்கறவங்க எப்ப வேணும்னாலும், காரணம் எதுவும் சொல்லாமெ, வெலகிக்கலாம். அதனால அவங்களுக்கு எந்தக் கெடுதலும் வராது. இது என்னோட உரிமெ. நான் வெலகிக்கறேன். எழுது சித்ரா."

சித்ரா எழுதினாள்.

"அய்யா," என்றாள் பூமாரி.

யாரும் திரும்பவில்லை.

"அய்யா, நான் ஒப்பு போட்ட தாளும் இதேதானா?"

டாக்டர் தாளை மூடினார். மூடிய தாளின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அம்மணி, அது வந்துங்க... பாப்பா விசயம் வேறெ. அதுக்குக் கல்லீரல்ல..."

"அந்த ஒம்பது எம் பிள்ள தாளுலயும் இருக்கா, இல்லியா?"

உத்யோகஸ்தர்கள் ஹீட்டரைப் பார்த்தார்கள். வெளியே ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சித்ரா எழுந்து போய், அலமாரியில் நாற்பது கோப்புகளுக்குள் ஒன்றை உருவி, மூன்றாம் பக்கத்தைப் பிரித்துப் பூமாரிக்கு முன்னால் வைத்தாள். பொடி எழுத்து. பூமாரிக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. ஒன்பது என்ற எண் மட்டும் தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

"எனக்கும் அதே," என்றாள்.

அழகான கையெழுத்தில், ஒரு முறைக்கு இரண்டு முறையாக, பூமாரி என்று எழுதிக் கொடுத்தாள்.

ட்ரிப் ஷீட்டை மட்டும் யாராலும் ரத்து செய்ய முடியவில்லை. முத்திரை குத்தியாகிவிட்டது. மிக்கேல் 'ஏறியவர்கள்' என்ற கட்டத்தில் சுழியம் போட்டு, கதவை அடைத்து, காலி ஜீப்பை மெடிக்கல் காலேஜ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் திரும்பி வந்தார்.

பூமாரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதினாலாம் நம்பர் வழியாக இறங்கினாள். பனி கீழிருந்து ஏறி வந்து தேயிலையை வரிசை வரிசையாக மறைத்தது. கொட்டகை வாசலில் ராக்கப்பன் நிற்பது தெரிந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார்.

"எம்மா, அந்தா," என்றாள் தமிழ்ப்ரியா. "பாறைக்குப் பின்னால மணத்தக்காளி. பழம்கூட இருக்கு, கறுப்பா."

பூமாரி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பத்தடி நடந்த பிறகுதான் பாறையே தெரிந்தது. சுற்றிப் போனால், அதன் பின்னால், பிள்ளை சொன்ன இடத்தில், செடி நின்றது.

குனிந்து மடியை விரித்தாள்.